கத்தியும் தாயும்

(கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

நான் வங்கி கிளார்க். கவிதை எழுதுறவள். டாக்டர் இல்லை. ஒரு பொண்ணைப் பெத்தவள் என்பதால் பேசுறேன்.

பிறப்புறுப்பு சிதைக்கப்பட்டு உயிர்வாழும் பெண்கள் உலகில் 23 கோடிக்கும் மேல் என்று 2024இல் யுனிசெஃப் சொன்னது. கத்தியிடம் மகளைக் கூட்டிப்போவது பெரும்பாலும் தாய்தான். அவளை அரக்கி என்று ஏசுவது சுலபம். அறுக்காத பெண்ணை எவன் கட்டுவான் என்கிற பயம்தான் அவளை நடத்திக்கொண்டு போகிறது.

ரத்தப்போக்கு, சீழ், மூத்திரம் போகையில் எரிச்சல், பிரசவத்தில் கிழிசல் எல்லாமே பொம்பளை விதி என்று நம்பவைத்திருந்தார்கள்.

செனகல் நாட்டு மாலிகவுண்டா பம்பாராவில் பெண்கள் உடல்நலப் பாடம் படித்தார்கள். பட்ட வலிக்கெல்லாம் கத்திதான் காரணம்னு அப்பதான் தெரிஞ்சது. 1997 ஜூலையில் 'இனி அறுக்க மாட்டோம்' என்று அறிவித்தார்கள். மற்ற ஊர்கள் தூற்றின.

இமாம் டெம்பா டியாவாரா ஒன்று சொன்னார்: பெண் கொடுத்து எடுக்கிற ஊர்களெல்லாம் சேர்ந்தே முடிவெடுக்கணும். ஊர் ஊராக நடந்து பேசினார். 1998 பிப்ரவரியில் டியாபுகுவில் 13 ஊர்கள் சேர்ந்து கைவிட்டன. சட்டம் 1999இல்தான் வந்தது.

தெரிஞ்சுகிட்ட தாய் தயங்குவாள். ஆனால் தனியாக அவளால் நிறுத்த முடியாது. அவளுக்குப் புத்தி சொல்லக் கிளம்புமுன், மாப்பிள்ளை வீட்டுக் கதவைத் தட்டுங்கள் தோழர்களே.