காளான் வத்தலும் பதினான்கு கிராம் தண்ணீரும்

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் அறிவியல், கணித ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் பக்கத்து ஆட்களுக்கு வத்தல் போடச் சொல்லித் தர வேண்டியதில்லை. அறுவடைக் காலத்தில் திருச்சுழியிலிருந்து நரிக்குடிப் பக்கம் வண்டியில் போனால் களம் களமாக மிளகாய் சிவந்து கிடக்கும். வீட்டு மாடிகளில் கொத்தவரை, சுண்டை, மிதுக்கு, மோர் மிளகாய். ஆட்டுக்கறி மிஞ்சினால் உப்புக்கண்டம். காய்ந்த மிளகாயைக் காதருகே குலுக்கி, விதை கலகலவென்று கேட்டால்தான் மூட்டை கட்டுவார்கள். இத்தனை தெரிந்த ஊரில் காளான் மட்டும் ஏன் பூசணம் பிடிக்கிறது என்பதுதான் நான் இன்று பேச வந்த விஷயம்.

எங்கள் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் நான்கைந்து பேர் வீட்டில் காளான் குடில் இருக்கிறது. மகளிர் குழுக் கடனில் போட்டவை. காளான் நம் வசதிக்கு முளைப்பதில்லை. நான்கு நாள் ஒன்றுமே இருக்காது. பிறகு ஒரே காலையில் பத்துக் கிலோ வந்து நிற்கும். சிப்பிக் காளான் மறுநாளே வாடிவிடும். பால் காளான் இன்னும் இரண்டு மூன்று நாள் தாங்கும். முகூர்த்த நாள் இல்லாத வாரமாக இருந்தால் விற்காதது எருக்குழிக்குப் போகும். ஒரு தாய் அப்படிப் போக விடாமல் காய வைத்து, நூறு நூறு கிராமாகப் பாக்கெட் போட்டு விற்றார். கார்த்திகையில் அந்தப் பாக்கெட்டுகள் பச்சைப் பூசணத்தோடு திரும்பி வந்தன. அவர் குடிலையே மூடிவிட்டார். அவருடைய மகள் என் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். "நல்லாத்தானே சார் காஞ்சிருந்துச்சு?" என்று அவள் கேட்ட கேள்விக்கு விடை தேடித்தான் நாங்கள் வகுப்பில் தராசை எடுத்தோம்.

அதற்கு முன் நம் ஊர்ப் பெருமை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பால் காளானை 1974இல் புர்காயஸ்தா, சந்திரா என்ற இரண்டு அறிஞர்கள் மேற்கு வங்கத்திலிருந்து அறிவியல் உலகுக்கு விவரித்தார்கள். ஆனால் அது தமிழ்நாட்டு உழவர் கையில் ஒரு ரகமாக வந்து சேர்ந்தது 1998இல். ரகத்தின் பெயர் ஏ.பி.கே. 2. அந்த மூன்று எழுத்தும் அருப்புக்கோட்டைதான். கோவிலாங்குளத்தில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கி அது ஊர் ஊராகப் போயிருக்கிறது. மொட்டுக் காளானுக்கு ஊட்டிக் குளிர் வேண்டும். பால் காளானுக்கு 30 முதல் 35 பாகை வெப்பம் இருந்தால் கொண்டாட்டம். கரிசல் காட்டு வெயிலுக்கென்றே பிறந்தது போல இருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

வெப்பம் பிடிக்கும் என்றாலும் வறட்சி அதற்குப் பிடிக்காது. அதனால்தான் குடிலைப் பாதி மண்ணுக்குள் இறக்கி, நீலத் தார்ப்பாய் போர்த்தி, தண்ணீர் தெளித்து, உள்ளே காற்றை ஈரமாகவே வைக்கிறோம். அந்த ஈரத்தில் வளர்ந்த காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஒரு கிலோ காளான். 900 கிராம் தண்ணீர், 100 கிராம் சத்து. இதை 10 விழுக்காடு ஈரம் மட்டும் மிஞ்சும் அளவுக்குக் காய வைத்தால் எடை எவ்வளவு இருக்கும்? என் வகுப்பில் எல்லோரும் 110 என்றார்கள். நீங்களும் மனதுக்குள் அதையே சொல்லியிருக்கலாம். நூற்றுக்குப் பத்து, ஆக நூற்றுப் பத்து! ஆனால் பத்து விழுக்காடு என்பது எதில் பத்து விழுக்காடு? காய்ந்த வத்தலின் மொத்த எடையில். அப்படியானால் அந்த 100 கிராம் சத்து என்பது வத்தலின் 90 விழுக்காடு. 100ஐ 0.9ஆல் வகுத்தால் 111 கிராம். சரி, 20 விழுக்காடு ஈரம் மிஞ்சினால்? 100ஐ 0.8ஆல் வகுக்க 125 கிராம்.

111க்கும் 125க்கும் வித்தியாசம் 14 கிராம். மூன்று தேக்கரண்டித் தண்ணீர் கூட வராது. 111 கிராமில் இருக்கும் வத்தல் ஒழுங்காக மூடி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. 125 கிராமில் இருப்பது பூசணத்துக்கு விருந்து. ஒரு கிலோவிலிருந்து 875 கிராம் தண்ணீரை வெளியேற்றிய பிறகும் வேலை முடியவில்லை. கடைசி 14 கிராமில்தான் பிழைப்பே இருக்கிறது. இதை விரலால் தொட்டுச் சொல்ல முடியாது, ஏனென்றால் 125 கிராமில் இருக்கும் துண்டும் மேலே தொட்டால் காய்ந்துதான் இருக்கும்.

எங்கள் பிள்ளைகள் டிஜிட்டல் தராசில் காலை, மதியம், மாலை என்று எடை போட்டு வரைபடம் வரைந்தார்கள். கோடு முதலில் மளமளவென்று சரிந்தது. பிறகு ஊர்ந்தது. மேற்பரப்பு ஈரம் உடனே ஓடிவிடும், நடுச்சதையில் இருப்பது மெல்ல மெல்லத்தான் வெளியே வரும். பால் காளானின் தண்டு மொத்தமானது, அதில் இது இன்னும் மெதுவாக நடக்கும். அதனால் எங்கள் விதி இதுதான்: அடுத்தடுத்து இரண்டு முறை, முழு வெயிலில் இரண்டு மணி நேர இடைவெளியில் போட்ட எடை மாறவில்லை என்றால் மட்டுமே காய்ந்தது என்று பொருள். தராசு இல்லாத வீட்டில் ஒரு தண்டுத் துண்டை ஒடித்துப் பார்க்கலாம். வளைந்தால் இன்னும் ஈரம். படக்கென்று அப்பளம் போல் ஒடிய வேண்டும். நம் ஆத்தாக்கள் மிளகாயைக் குலுக்கிப் பார்ப்பதும் இதே சோதனைதான்.

காய வைக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குடையின் ஓரம் மேல்நோக்கிச் சுருளும் முன்பே அறுத்துவிட வேண்டும். அடியில் ஒட்டிய மண்ணைச் சீவி எறியலாம், தண்ணீரில் ஊறப் போடக் கூடாது. சிப்பியைக் கையால் நீளவாக்கில் கிழித்தால் போதும். பால் காளானை நாலைந்து மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரே சீராக நறுக்க வேண்டும். சீராக என்பது முக்கியம், ஒரு துண்டு மொத்தமாக இருந்தாலும் டப்பா முழுவதும் அது ஈரத்தைப் பரப்பும். தரையில் வேண்டாம். மிளகாய் போல ரோட்டோரத்தில் வேண்டவே வேண்டாம். கட்டில் மீது வலையோ பழைய வேட்டியோ விரித்து, காற்று அடியிலும் போகும்படி பரப்பி, ஈ மொய்க்காமல் மெல்லிய துணி ஒன்றை மேலே போர்த்தலாம். தகரக் கூரையின் மேல் போட்டால் சீக்கிரம் காயும் என்று சிலர் நினைக்கிறார்கள். உச்சி வெயிலில் தகரம் கொதிக்கும். துண்டின் மேல்தோல் இறுகி மூடிக்கொள்ள, உள் ஈரம் உள்ளேயே சிறைப்படும். மின் உலர்த்தி வைத்திருப்பவர்களும் 60 பாகைக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

இன்னொன்று, பொழுது சாய்ந்ததும் உள்ளே எடுத்துவிட வேண்டும். இரவில் காற்றின் ஈரப்பதம் ஏறும். காய்ந்த காளான் கடற்பஞ்சு மாதிரி, பகலில் விட்டதை இரவில் திரும்பக் குடித்துவிடும்.

வெயிலில் காய்வதால் ஒரு லாபமும் உண்டு. காளானில் எர்கோஸ்டிரால் என்ற பொருள் இருக்கிறது. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் பட்டால் அது வைட்டமின் டி2 ஆக மாறும். செதில் பக்கம் வானத்தைப் பார்க்கும்படி வைத்தால் கூடுதல் பலன். எட்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்தும்போது இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்தத் தாயின் பாக்கெட்டுக்கு என்ன ஆனது? அவர் பங்குனி வெயிலில்தான் காய வைத்தார். வெயில் மீது குற்றமில்லை. மளிகைக் கடையில் கிடைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, மெழுகுவத்தியில் காட்டி ஒட்டினார். அந்த உறை தண்ணீரைத்தான் தடுக்கும். நீராவியை மெதுவாக உள்ளே விடும். ஒட்டிய இடத்தில் ஊசிமுனை இடைவெளி இருந்தால் கேட்கவே வேண்டாம். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் 111 கிராம் சத்தமில்லாமல் 125ஐ நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டது. நம் ஊரில் காய வைப்பது வெயிலின் வேலை. காப்பது நம் வேலை. முதல் வேலை எளிதாக இருப்பதாலேயே இரண்டாவதை நாம் மதிப்பதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

காப்பதற்கு: சூட்டோடு மூடாதீர்கள், டப்பாவுக்குள் வியர்க்கும். ஆறியதும் உடனே அடையுங்கள், ஆற விட்டு மறந்தால் ஈரம் ஏறும். வீட்டுக்கு என்றால் ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி ஜாடி போதும். முதல் ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பாருங்கள். கண்ணாடியின் உட்புறம் பனித்தாலோ துண்டுகள் ஒட்டிக்கொண்டாலோ திரும்ப வெயிலுக்கு. விற்பனைக்கு என்றால் அலுமினியப் பூச்சுள்ள கனமான உறையும், வெப்பத்தில் ஒட்டும் சிறு கருவியும் தேவை. பெரிய டப்பா ஒன்றைவிடச் சிறிய டப்பா பத்து நல்லது, திறக்கும்போதெல்லாம் மழைக்காற்று உள்ளே போகும் அல்லவா? வறுத்து ஆறிய அரிசியைத் துணியில் முடிந்து உள்ளே போடும் பழக்கம் நம் வீடுகளில் உப்புக்கு உண்டு. இதற்கும் செய்யலாம், அரிசியை அவ்வப்போது மாற்ற வேண்டும். காய்ந்த தேதியை மேலே எழுதி, வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள். பூசணம் கண்டால் அந்த இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மற்றதைச் சமைக்கக் கூடாது. டப்பாவோடு கொட்டிவிட வேண்டும்.

அந்தத் தாய் இந்தச் சித்திரையில் இரண்டு படுக்கை மட்டும் மறுபடி போட்டிருக்கிறார். எடை போடும் பொறுப்பு மகளுக்கு.

ஆசிரியர்களாக நாம் கட்டாயம் சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. மழை விட்டதும் பிள்ளைகள் புற்றோரத்திலும் வரப்பிலும் முளைத்ததைப் பிடுங்கி வருவார்கள். அதில் உண்ணத்தக்கது எது, கொல்வது எது என்று பார்த்துச் சொல்லும் வேலையை நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம். சில நச்சுக் காளான்களின் நஞ்சு சமைத்தாலும் போகாது, காய வைத்தாலும் போகாது. மஞ்சள் போட்டால் நிறம் மாறும், வெள்ளிக் காசு கறுக்கும் என்பதெல்லாம் கதை. வித்து வாங்கி நாமே வளர்த்த காளான் மட்டுமே வகுப்பறைக்குள் வரட்டும்.

சமைக்கத் தெரிய வேண்டுமே என்று முன்வரிசையில் ஒரு அக்கா கேட்கிறார். வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். அந்த நீரைக் கொட்டாமல் வடிகட்டிக் குழம்பிலேயே சேருங்கள், மணம் அதில்தான் இறங்கியிருக்கும். ஒடிந்த தூளை மிக்சியில் அரைத்து ரசத்தில் ஒரு கரண்டி போடலாம். தண்டு கொஞ்சம் கடிக்கத்தான் செய்யும். எங்கள் வீட்டில் அதைக் கறி என்று நினைத்துச் சாப்பிட்டவர்களும் உண்டு.