ஏரிநீரும் நீர்ச்செடியும்



ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் ஏரிகள் நிறைந்த நிலப்பகுதி. ஓர் ஏரி நிரம்பினால் உபரிநீர் கலங்கல் வழியே வழிந்து அடுத்த ஏரியை அடையும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் முதலிய ஏரிகளின் உபரிநீர் இவ்வாறே செம்பரம்பாக்கம் ஏரியைச் சேர்கிறது. 3,645 மில்லியன் கன அடி நீர் கொள்ளும் அவ்வேரி சென்னை மாநகரின் குடிநீர்த் தேக்கங்களுள் ஒன்று. ஆகவே, மேலுள்ள ஒரு சிற்றேரியில் கலக்கும் அழுக்கு அவ்வூரார்க்கு மட்டுமே உரிய துன்பம் அன்று.

இவ்வட்டாரத்தில் கழனிகள் இருந்த இடங்களில் ஆலைகள் எழுந்ததை என் பணிக்காலத்திலேயே கண்டேன். 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலும், 2010இல் ஒரகடத்திலும் கார் உற்பத்தி தொடங்கிற்று. தொழில் வளர்ந்தது, பல ஊர்களிலிருந்தும் மக்கள் வந்து குடியேறினர். மக்கள் பெருகும் இடத்தில் சாக்கடையும் பெருகும் அன்றோ?

“ஐயா, ஏரியில் நீர்ச்செடி வளர்த்தால் நீர் தூய்மையாகிவிடுமாமே?” என்று மாணவர் என்னைக் கேட்டதுண்டு. ஆகும், ஆனால் எல்லா அழுக்கும் ஆகாது. அதன் காரணத்தை இன்று ஆராய்வோம்.

சம்பங்கோரையின் இலையை ஒடித்துப் பாருங்கள். உள்ளே காற்றறைகள் நிறைந்திருக்கும். அவற்றின் வழியே காற்று வேருக்கு இறங்குகிறது. அவ்வேர்களைப் பற்றிக் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. சாக்கடையிலுள்ள மக்கும் பொருளை உண்டு சிதைப்பவை பெரும்பாலும் அவையே. செடி அவற்றுக்கு வீடும் காற்றும் அளிக்கிறது. ஜெர்மனியில் கேத்தே சைடல் என்னும் அம்மையார் 1950களிலேயே கோரையினங்களைக் கொண்டு கழிவுநீரைத் தூய்மையாக்கும் ஆய்வில் ஈடுபட்டார்.

இனி, வகுப்பறையில் நீங்கள் கற்ற ஒரு விதியை நினைவுகூருங்கள். பொருள் அழிவதில்லை, உருமாறுகிறது, அல்லது இடம் மாறுகிறது. இவ்விதியை ஏரிக்கும் பொருத்திப் பார்ப்போம். மக்கும் பொருள் நுண்ணுயிர்களால் சிதைந்து பெரும்பகுதி வாயுவாகிறது. நைட்ரஜனிலும் ஒரு பகுதி நுண்ணுயிர்களின் வேலையால் வாயுவாகிக் காற்றில் கலக்கிறது. பாஸ்பரஸுக்கோ அவ்வழி இல்லை. அது செடியின் உடலிலும் ஏரியின் சேற்றிலும் தங்கும். துத்தநாகம், நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களும் அத்தகையனவே; செடி ஏற்பவற்றுள் பெரும்பகுதி வேரிலேயே தங்குகிறது. செடி அழுகி ஏரியிலேயே விழுந்தால், அது எடுத்துக்கொண்டவை மீண்டும் நீரையும் சேற்றையுமே அடையும். அறுத்துக் கரையேற்றினால்தான் அவை ஏரியை விட்டு நீங்கும். தூய்மை செய்வதில் செடிக்குப் பாதி, அரிவாளுக்குப் பாதி!

வெங்காயத் தாமரை இதற்குத் தக்க சான்று. ஊர்மக்கள் இதனை ஆகாயத் தாமரை என்றும் கூறுவர். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் அறிஞர் வுல்வர்ட்டன் 1970களில் மிசிசிப்பி மாநிலத்தில் இதனைக் கொண்டே சாக்கடைநீரைத் தூய்மையாக்கிக் காட்டினார். அங்கே அது குளத்துக்குள் அடக்கி வளர்க்கப்பட்டு, அவ்வப்போது அறுக்கப்பட்டது. அடக்குவாரின்றி நம் ஏரிகளில் பரவும்போதோ, அச்செடியே நீர்ப்பரப்பை மூடி, ஒளியையும் காற்றையும் தடுத்து, மீன்களை மூச்சுத் திணறச் செய்கிறது. வங்காளத்தில் 1936இல் இதனை ஒழிப்பதற்கென்றே ஒரு சட்டம் இயற்ற நேர்ந்தது.

இவ்விடர் நேராமல் செடியைப் பயன்கொள்ளும் முறை ஒன்று உண்டு. அது மிதவைத் தோட்டம். ஐதராபாத்தை அடுத்த நெக்னாம்பூர் ஏரியில் 2018 பிப்ரவரி 2ஆம் நாள், உலக ஈரநில நாளன்று, 3,000 சதுர அடிப் பரப்புள்ள மிதவை ஒன்றை அமைத்தனர். அடியில் மூங்கில், அதன்மேல் தெர்மக்கோல், பிறகு கோணி, மேலே சரளைக்கல் என அடுக்கி, வெட்டிவேர், கல்வாழை, சம்பங்கோரை முதலியவற்றை நட்டனர். வேர்கள் நீரில் தொங்குகின்றன, செடியோ மிதவையை விட்டுப் பரவுவதில்லை, அறுப்பதும் எளிது. நம் வட்டாரத்துச் சிற்றேரிகளில் சாக்கடைநீர் வந்து விழும் முகப்பில் இத்தகைய மிதவைகள் நற்பணி செய்யும்.

எனினும், ஆலைக்கழிவின் உலோகங்களைச் செடி பார்த்துக்கொள்ளும் என்று எவரேனும் கூறினால், அதனை ஏற்காதீர்கள். உலோகத்தை ஏற்ற செடியை மாட்டுக்கும் இடலாகாது, எருவாகவும் ஆக்கலாகாது. அக்கழிவை ஆலையின் வாயிலிலேயே தடுப்பதுதான் முறை. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் நச்சுக்கழிவை நீர்நிலையில் விடுவதைத் தடைசெய்கிறது. செடி சட்டத்துக்குத் துணையாகலாம்; சட்டத்துக்கு மாற்றாகாது.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். இரு கண்ணாடிச் சாடிகளில் ஒரே குட்டையின் நீரை நிரப்புங்கள். ஒன்றில் மட்டும் வேருடன் கல்வாழையை நிறுத்துங்கள். நாள்தோறும் கலங்கலையும் நாற்றத்தையும் ஒப்பிட்டு எழுதி வாருங்கள். பின்னர் அச்செடியை நீருக்குள்ளேயே வாடி அழுகவிட்டு, மேலும் சில நாள் பாருங்கள். நான் இதுவரை கூறியதை அச்சாடி இன்னும் தெளிவாகக் கூறும்.

உங்களுள் சிலர் நாளை அவ்வாலைகளில் பொறியாளராவீர்கள். சிலர் ஊராட்சிப் பொறுப்பில் அமர்வீர்கள். ஓர் ஏரியைத் தூய்மையாக்கியதாக எவரேனும் உங்களிடம் கூறினால், “எடுத்த அழுக்கு எங்கே சென்றது?” என்று தவறாமல் கேளுங்கள்.