லவ்விங் கவுன்டி: 64 பேரின் சீமை

இன்று நாம் போகப்போவது அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதிக்கு. நியூ மெக்சிகோ எல்லையை ஒட்டிக் கிடக்கிறது லவ்விங் கவுன்டி. கவுன்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. பரப்பு சுமார் 1,750 சதுர கிலோமீட்டர். குடியிருப்பவர்கள், 2020 கணக்கெடுப்பின்படி, 64 பேர். ஒரு டவுன் பஸ்ஸில் அத்தனை பேரையும் ஏற்றிவிடலாம். அந்த நாட்டின் மூவாயிரத்துச் சொச்சம் கவுன்டிகளில் இவ்வளவு குறைவாக ஆள் இருப்பது இங்கேதான்.

கண்ணுக்கு எட்டும்வரை தட்டையான வறண்ட தரை. இடையிடையே மெஸ்கீட் முள்மரம். நம்மூர் சீமைக் கருவேலத்துக்குப் பங்காளி முறை. மழையோ ஆண்டுக்கு 30 சென்டிமீட்டரைத் தொட்டால் அதிகம். கவுன்டியின் இன்னொரு எல்லையில் பேக்கோஸ் ஆறு ஓடுகிறது, ஆனால் தண்ணீர் உப்பு. ஊர் என்று இருப்பது மென்டோன் ஒன்றுதான். அதற்கும் நெடுங்காலம் குடிதண்ணீர் லாரியில்தான் வந்தது.

1893-ல் இங்கே முதன்முதலாகக் கவுன்டி நிர்வாகம் அமைத்தார்கள். அதற்கு மூன்று ஆண்டு முன்பு எடுத்த கணக்கில் இருந்தவர்கள் மூன்றே பேர்! நாலே வருடத்தில் நிர்வாகம் கலைந்து, பக்கத்து ரீவ்ஸ் கவுன்டியோடு சேர்க்கப்பட்டது. பிறகு மண்ணுக்கடியில் எண்ணெய் கிடைத்தது. 1931-ல் மறுபடியும் தனிக் கவுன்டி. 1940-ல் 285 பேர், கணக்கெடுப்புகளில் அதுதான் உச்சம். அப்புறம் இறங்குமுகம்.

ஆள் இல்லாத இடம், ஆகவே அமைதியான இடம் என்று நினைத்துவிடாதீர்கள். 302-ஆம் எண் நெடுஞ்சாலையில் மணலும் தண்ணீரும் கச்சா எண்ணெயும் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிக்கொண்டு போகின்றன. எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்ய வந்தவர்கள் முகாம்களில் தங்குகிறார்கள். ஆனால் அவர்களுடைய வீடு வேறு ஊரில் இருப்பதால், தலை எண்ணும்போது அந்த ஊர்க் கணக்கில் போய்விடுகிறார்கள். இன்னொரு பக்கம், எப்போதோ ஊரைவிட்டுப் போனவர்கள் இங்கே ஓட்டுரிமையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். குடியிருப்பவர்களைவிட வாக்காளர்கள் அதிகம் என்ற வழக்கும் வம்பும் இங்கே பழைய கதை. 64 என்ற எண்ணை நான் முழுசாக நம்புவதில்லை என்றால் காரணம் இதுதான்.

மென்டோனில் நின்று பார்க்கத் தக்கது 1935-ல் கட்டிய செங்கல் நீதிமன்றக் கட்டடம். எந்த நிலத்துக்கு அடியில் இருக்கும் எண்ணெய் யாருக்குச் சொந்தம் என்று பார்க்க, எண்ணெய் நிறுவனத்து ஆட்கள் வந்து பழைய பத்திரப் பதிவேடுகளைப் புரட்டுவது இங்கேதான். 1945-ல் ஷெரீஃப், அதாவது கவுன்டியின் காவல் தலைவர், பொறுப்பேற்ற எட்னா ரீட் கிளேட்டன், பின்னர் டெக்சஸில் தேர்தலில் வென்ற முதல் பெண் ஷெரீஃப் ஆனதும் இந்தக் கவுன்டியில்தான்.

ஊரில் பள்ளிக்கூடம் கிடையாது. பிள்ளைகள் பக்கத்துக் கவுன்டியில் உள்ள விங்க் ஊருக்குப் பஸ்ஸில் போகிறார்கள். ஆஸ்பத்திரியும் கிடையாது. இந்தக் கவுன்டிக்குப் போகிறவர்கள் அருகிலுள்ள பேக்கோஸ் நகரிலேயே பெட்ரோலும் குடிதண்ணீரும் நிரப்பிக்கொள்வது நல்லது. லாரிகளுக்கு வழிவிட்டு ஓட்டுங்கள்.