‘நான்’ என்பது யாது?
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)



மாட்டுங்காவில் புதிதாகக் குடியேறும் தமிழரிடம் நாம் முதற்கண் வினவுவது, ‘எந்த ஊர்? என்ன உத்தியோகம்?’ என்பதே. ஊரும் உத்தியோகமும் நீங்கியபின் எஞ்சும் ‘நான்’ யாது? இதற்குத் தமிழ் இருவேறு விடைகளைப் போற்றி வைத்துள்ளது.

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை, வஞ்சியிலே பல சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்டு, முடிவில் காஞ்சியிலே அறவண அடிகளிடம் பௌத்த தருமம் கேட்கிறாள். உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐந்து கந்தங்களின் கூட்டமே மனிதன். அவற்றுக்கு அப்பால் நிலைத்த ஆன்மா இல்லை என்பது பௌத்தம். சக்கரமும் அச்சும் நுகமும் கூடியவிடத்துத் ‘தேர்’ என்னும் பெயர் வழங்குவதுபோல் என்று மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் விளக்கியதும் இதுவே.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டதேவர், சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் ஆன்மா உண்டென நிறுவுகிறார். ‘என் வீடு’ என்பவன் வீடாகான். ‘என் உடல்’ என்பவனும் உடலாகான். உறக்கத்திலே மூச்சு இயங்கியும் உண்டியும் தொழிலும் இல்லை. ஆதலின் மூச்சும் ஆன்மாவன்று. அறிவு கணந்தோறும் அழியுமாயின், நேற்றுக் கண்டதை இன்று நினைப்பவன் யாவன் என்று சைவர் வினவினர். ஒரு விளக்கிலிருந்து மறு விளக்கு ஏற்றப்படுவது போன்ற தொடர்ச்சியே அது என்று பௌத்தர் விடையிறுத்தனர்.

இவ்வழக்கு ஏட்டளவில் நின்றதன்று. நமக்கு அண்மையில், தாதர் இந்து காலனியில் ‘ராஜகிருகம்’ என்னும் இல்லத்தில் வாழ்ந்திருந்த டாக்டர் அம்பேத்கர், 14-10-1956 அன்று நாகபுரியில் பல லட்சம் மக்களோடு பௌத்தம் தழுவினார். 1957இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் அவரது நூல் ஆன்மக் கொள்கையை மறுக்கிறது. முற்பிறப்பின் வினையே ஒருவனது இன்றைய தாழ்வுக்குக் காரணம் என்னும் கூற்றையும் அவர் ஏற்கவில்லை.

ஆன்மா உண்டென்னும் நாம் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள். எல்லா உடலிலும் உறைவது ஆன்மாவே என்று ஓதிவிட்டு, வாசலில் நிற்பவனின் குலத்தை வினவுவோமாயின், நம் சித்தாந்தம் நம் நாவிலேயே தோற்றுவிடும். ‘நான்’, ‘எனது’ என்னும் செருக்கு அறவேண்டும் என்பதில் இரு நெறியினர்க்கும் வேற்றுமை இல்லை. மணிமேகலை அமுதசுரபி ஏந்திப் பசித்தவர் அனைவர்க்கும் உணவளித்தாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குவித்தாள்.

தாராவி நமக்குக் கூப்பிடு தூரம். அங்குள்ள தமிழரும் நாமும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்போமாக. ஆன்மா உண்டா, இலதா என்பதைப் பந்தி முடிந்தபின் வாதிப்போம்.