புலிமேல் ஊர் திரும்பியவள்



படக்கதை என்றதும் அதனைச் சிறுவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் வழக்கம் இலக்கிய அவைகளில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. பெரியவர்கள் பேசக் கூசிய ஒன்றைப் பேசத் துணிந்த ஒரு படக்கதையின் வரலாறு இன்று இந்த அவையின் முன் வைக்கப்படுகிறது. 'பிரியாஸ் சக்தி' என்பது அதன் பெயர்; பிரியாவின் ஆற்றல் என்பது பொருள். ஒரு பெண்ணைப் பேராற்றல் நாயகியாகக் கொண்டு, பெரிய காமிக்ஸ் நிறுவனம் எதனையும் சாராமல், 2014ஆம் ஆண்டில் வெளிவந்த நூல் அது.

அந்நூலின் விதை தில்லித் தெருவில் விழுந்தது. 2012 டிசம்பர் 16ஆம் நாள் இரவு, ஓடும் பேருந்தில் இளம்பெண் ஒருவர் கொடிய பாலியல் வன்முறைக்கு ஆளானார்; 29ஆம் நாள் சிங்கப்பூர் மருத்துவமனையில் உயிர் நீத்தார். தலைநகரின் தெருக்களில் இளைஞர் கூட்டம் பொங்கி எழுந்தது. அப்போது தில்லியில் இருந்தவர்களுள் ராம் தேவிநேனியும் ஒருவர். நியூயார்க்கில் வாழும் இந்திய வம்சாவளித் திரைப்பட இயக்குநர் அவர். 'ரட்டப்பாலக்ஸ்' என்னும் சிற்றிதழையும் அதே பெயரில் ஒரு சிறு பதிப்பகத்தையும் நடத்தியவர். போராட்டக் களத்தில் காவல்துறை அலுவலர் ஒருவரிடம் அவர் பேச்சுக் கொடுத்தார். நல்ல பெண் எவளும் இரவில் தனியே நடக்கமாட்டாள் என்ற கருத்தில் அவ்வலுவலர் விடை பகர்ந்தார். குற்றம் செய்தவர்களைப் பற்றிக் கேட்டதற்குக் குற்றத்திற்கு ஆளானவளின் ஒழுக்கத்தைப் பற்றி விடை வந்தது. சட்டத்தைக் காட்டிலும் ஆழத்தில் வேரோடிய நோய் ஒன்று இருக்கிறது என்பதை அந்த ஒரு விடையே தேவிநேனிக்கு உணர்த்திற்று.

அந்த நோயைச் சாட ஏன் பேராற்றல் நாயகி ஒருத்தி வேண்டும்? அத்தகைய நாயகியர் முன்பே இருந்தனர் அல்லவா? இருந்தனர். 1941 ஏப்ரலில் 'மிஸ் ப்யூரி' என்னும் நாயகியை அமெரிக்க நாளிதழ்ப் பக்கங்களில் உலவவிட்டவர் டார்ப்பே மில்ஸ் என்னும் பெண் ஓவியர். தம்மைப் பெண் என்று காட்டிக் கொடுக்கும் 'ஜூன்' என்ற முதற்பெயரை விலக்கிவிட்டே அவர் கையொப்பமிட்டார். அதே ஆண்டின் இறுதியில் உளவியல் அறிஞர் வில்லியம் மார்ஸ்டன் படைத்த 'வொண்டர் வுமன்' தோன்றினாள். அவள் உலகப் புகழ் பெற்றாள். ஆயினும் அவள் ஒரு நிறுவனத்தின் உடைமை. படைத்தவர் 1947இல் மறைந்தார். 1968இல் நிறுவனத்தார் அவளுடைய பேராற்றலைப் பறித்துச் சாதாரணப் பெண்ணாக்கினர். 1973இல்தான் அவ்வாற்றல் அவளுக்கு மீண்டது. ஒரு நாயகியின் வலிமை எவ்வளவு என்பதை அவளுக்கு உரிமை கொண்டாடுவோரே தீர்மானிக்கின்றனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தமிழ் வாசகர்களுக்கும் காமிக்ஸ் நாயகி புதியவள் அல்லள். சிவகாசியிலிருந்து 1984இல் புறப்பட்ட லயன் காமிக்ஸின் முதல் இதழிலேயே மாடஸ்டி பிளைசி வந்திறங்கினாள். பீட்டர் ஓ'டோனல் 1963இல் லண்டன் நாளிதழ் ஒன்றிற்காக உருவாக்கியவள் அவள். கத்திக்கும் துப்பாக்கிக்கும் அஞ்சாதவள். எனினும் தாக்குண்ட பெண்ணை அண்டை வீட்டார் எப்படிப் பார்ப்பார்கள் என்ற கேள்வி அவளுடைய சாகச உலகத்தின் மையத்தில் நின்றதில்லை. பிரியாவின் கதையோ அக்கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.

தேவிநேனி எழுதத் தொடங்குமுன் வன்முறைக்கு ஆளாகி மீண்ட பெண்களைச் சந்தித்தார். குடும்பத்தாரின் பழிச்சொல், ஊராரின் பார்வை, வாய் திறவாதே என்னும் அறிவுரை ஆகியவையே அவர்களைத் தொடர்ந்து வருத்தின என்பதைக் கேட்டறிந்தார். குற்றம் ஒரு நாள் நிகழ்ந்தது. பழியோ நாள்தோறும் தொடர்ந்தது. விகாஸ் மேனன் எழுத்தில் துணை நின்றார். டான் கோல்ட்மேன் ஓவியம் தீட்டினார். அறக்கட்டளைகளின் நல்கையும் நண்பர்களின் உழைப்பும் முதலாயின. நிறுவனத்தின் முதலீடு இன்மையால் விற்பனைக் கணக்குக் காட்டவேண்டிய கடமையும் இல்லையாயிற்று.

கதை எளியது. பிரியா சிற்றூர்ப் பெண். படித்து ஆசிரியை ஆகவேண்டும் என்பது அவளுடைய ஆசை. வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்று தந்தை அவளுடைய படிப்பை நிறுத்திவிடுகிறார். வளர்ந்தபின் ஊர் ஆடவர் சிலரால் வன்முறைக்கு ஆளாகிறாள். ஆறுதல் தேடி வீட்டிற்குப் போனால் பழியே கிடைக்கிறது. அவள் காட்டிற்குள் சென்றுவிடுகிறாள். அவள் வழிபடும் பார்வதி தேவி அவளுக்கு நேர்ந்ததை அறிந்து வெகுள்கிறாள். சிவபெருமானின் சினத்தால் மனித இனத்திற்கே ஆபத்து நேர்கிறது. தேவர்களிடையே போர் மூள்கிறது. காட்டிலோ ஒரு புலி பிரியாவைப் பின்தொடர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு கட்டத்தில் அவள் ஓடுவதை நிறுத்தித் திரும்பி நிற்கிறாள். அந்தப் புலி அவளுடைய அச்சத்தின் வடிவம். அதனை அவள் கொல்லவில்லை. அடக்கி அதன்மேல் ஏறிக்கொள்கிறாள். 'சாஹஸ்', அதாவது துணிவு, என்பது அதன் பெயர். துரத்தப்பட்ட பெண் புலிமேல் அமர்ந்து அதே ஊருக்குத் திரும்பி வருகிறாள்.

திரும்பி வந்தவள் யாரையும் வெட்டி வீழ்த்துவதில்லை என்பது இக்கதையின் உயிர்நிலை. சூப்பர் ஹீரோ கதையின் இலக்கணப்படி கடைசிப் பக்கங்களில் பகைவன் மடியவேண்டும். இங்கு மடியவேண்டிய பகை ஊராரின் மனத்தில் இருக்கிறது. அதனை வாளால் எட்ட முடியாது. ஆதலின் அவள் பேசுகிறாள். வெட்கமின்றி நடந்ததைச் சொல்லுங்கள், பெண்ணை மதியுங்கள், பெண் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்பவையே அவளுடைய படைக்கலங்கள்.

தமிழிலக்கியம் பயின்றோர்க்கு இவ்விடத்தில் கண்ணகியின் நினைவு எழாமல் இராது. அநீதி கண்டு தனியே எழுந்து ஒரு தலைநகரையே எரித்த பெண் அவள். ஆனால் அவளுடைய பேராற்றலின் ஊற்று எது? கற்பு என்று காப்பியம் விடை கூறும். அந்த விடையின் மறுபக்கத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெண்ணின் ஆற்றல் கற்பில் இருக்கிறது என்றால், பிறனொருவனின் வன்முறையால் அது போயிற்று என்று ஊர் சொல்லும்போது அவளிடம் எஞ்சுவது யாது? நாளிதழ்கள் நெடுங்காலம் எழுதி வந்த 'கற்பழிப்பு' என்ற சொல்லே அதற்குரிய விடையை ஒளித்து வைத்திருக்கிறது. குற்றம் செய்தவன் அச்சொல்லில் இல்லை. எதையோ இழந்துவிட்டவளாகப் பெண் மட்டுமே அதில் நிற்கிறாள். 'பாலியல் வன்கொடுமை' என்று எழுதும் வழக்கம் பரவிய பின்னரே கொடுமை கொடுமை என்ற பெயரால் அழைக்கப்படலாயிற்று. எல்லாம் போயிற்று என்று ஊர் தீர்ப்பளித்த பெண்ணிடமிருந்தே பிரியாவின் ஆற்றல் பிறக்கிறது. ஊர் வகுத்த தூய்மை அதற்குத் தேவைப்படவில்லை. இதுவே அந்தச் சிறிய படக்கதை செய்த பெரிய காரியம்.

உருவமும் உள்ளடக்கத்திற்கு இசைந்ததாகவே அமைந்தது. அனந்த் பை 1967இல் தொடங்கிய 'அமர் சித்திர கதா' இதழ்கள் வாயிலாகப் புராணங்களைப் படங்களில் கண்டு வளர்ந்த தலைமுறையினர் பலர். அவர்களுக்குப் பழகிய தெய்வ உருவங்களையே இந்நூலும் கையாண்டது. கதை அயலார் அறிவுரையாகத் தோன்றாமல் வீட்டுப் பூசையறைக்கு அருகிலேயே இடம்பிடிக்க இது உதவியது. 2014 டிசம்பரில் மும்பையில் நடைபெற்ற காமிக் கான் விழாவில் நூல் வெளியாயிற்று. தமிழர் பெருகி வாழும் தாராவியில் பிரியாவின் சுவரோவியங்கள் எழுந்தன. நூலை எவரும் கணினியில் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தனர். பக்கங்களின்மேல் கைப்பேசியைப் பிடித்தால் அசையும் படங்களும், மீண்டு வந்த பெண்களின் கதைகளும் தோன்றும் ஏற்பாடும் இருந்தது. அதற்குத் துணைபுரிந்த 'பிளிப்பர்' என்னும் நிறுவனம் 2018இன் இறுதியில் நொடித்தது. தொழில்நுட்பம் தடுமாறினாலும் கதை காகிதத்தில் நின்றது. ஐக்கிய நாடுகளின் மகளிர் அமைப்பு பிரியாவைப் பாலின சமத்துவத்தின் முன்னோடியாகப் பாராட்டியது.

ஒரு நூலுடன் முயற்சி ஓய்ந்துவிடவில்லை. 2016இல் 'பிரியாஸ் மிரர்' வெளிவந்தது. பரோமிதா வோரா அதன் எழுத்தில் பங்கேற்றார். அமில வீச்சுக்கு ஆளான பெண்கள் 'அகங்காரன்' என்னும் அரக்கனின் கோட்டையில் அடைபட்டுக் கிடக்கின்றனர். பிரியா அவர்களிடம் கொண்டு செல்வது ஒரு கண்ணாடி. கண்ணாடியைக் கண்டாலே அஞ்சி ஒதுங்கும் பெண்களுக்கு, முகத்திற்கு அப்பால் தாங்கள் யார் என்பதை அது காட்டுகிறது. 2005இல் தில்லியில் அமில வீச்சுக்கு ஆளான லக்ஷ்மி தொடுத்த வழக்கில், அமில விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்து உச்ச நீதிமன்றம் 2013இல் ஆணையிட்டதை இங்கு நினைவு கூரலாம். கடையில் அமிலம் விற்பதை நீதிமன்றம் தடுக்கலாம். பேருந்தில் அருகில் அமரத் தயங்குகிறவரை அது என்செய்யும்? அந்த இடைவெளியில்தான் கதைக்கு வேலை இருக்கிறது. 2019இல் வந்த 'பிரியா அண்ட் தி லாஸ்ட் கேர்ள்ஸ்' கடத்தி விற்கப்படும் பெண்களைப் பற்றியது. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் வந்த 'பிரியாஸ் மாஸ்க்' நூலில், பாகிஸ்தானின் 'புர்கா அவெஞ்சர்' பிரியாவுடன் கைகோத்து நின்றாள். இரு நாட்டு அரசுகள் எளிதில் செய்யாததை இரு படக்கதை நாயகியர் செய்துகாட்டினர்.

இம்முயற்சியின்பால் எழக்கூடிய வினாக்களை மறைத்தல் நேர்மையாகாது. பிரியா எழுவதற்குத் தெய்வம் வந்துதான் தீரவேண்டுமா? வேறு சமயத்துப் பெண்ணுக்கு இக்கதையில் இடம் எங்கே? நியூயார்க்கில் வாழும் ஆடவர்கள் இந்தியச் சிற்றூர்ப் பெண்ணின் துயரை எழுதலாமா? வன்கொடுமைக்கு ஆளான பெண் மதிக்கப்படுவதற்குப் புலியேறி வரத்தான் வேண்டுமா? இவற்றுள் கடைசி வினாவே கனமானது. வீரமாக எழ இயலாத பெண்ணும் குற்றமற்றவளே. அழுதுகொண்டே மூலையில் கிடப்பவளுக்கும் நீதி உரியது. நாயகியைப் போற்றும் ஆர்வத்தில் நாயகியாகாதவளைக் கைவிடுதல் ஆகாது. ஏனைய வினாக்களுக்குப் பின்வந்த நூல்கள் ஓரளவு விடை தேடின எனலாம். பெண்கள் எழுத்தில் பங்கேற்றனர். எல்லைக்கு அப்பாலிருந்து முஸ்லிம் நாயகி ஒருத்தி வந்து சேர்ந்தாள். ஒருவரும் உரிமைப் பத்திரம் காட்டித் தடுக்காத நூல் ஆதலின் தன்னைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பும் அதற்கு வாய்த்தது.

சிறிய அளவில் தொடங்கும் முயற்சிகளின் பெருமையை இலக்கிய வட்டத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஒரு சிற்றிதழ்க்காரரும் ஓர் ஓவியரும் சில நண்பர்களும் சேர்ந்து, பெருநிறுவனங்களின் வீரநாயகியர் நடவாத பாதையில் ஒரு பெண்ணை நடத்திச் சென்றனர். அவளால் பறக்க முடியாது. கட்டடங்களைத் தூக்க முடியாது. தன்னைத் துரத்திய ஊருக்குத் தலைகுனியாமல் திரும்பி வர முடிந்தது. ஊர் அவளை எவ்வாறு வரவேற்க வேண்டும் என்பது படக்கதையின் கடைசிக் கட்டத்திற்கு வெளியே, வாசகரின் வீட்டு வாயிலில் முடிவாக வேண்டியது.