தொடங்க மறுத்த சேவையகம்



எமது பாடசாலைக் கணினிக் கூடத்தின் மூலையிலே, மாணவர் கண்ணிற் படாது இயங்கும் ஒரு கணினி உண்டு. அது ஒரு திங்கட்கிழமை காலை தொடங்க மறுத்தது. அன்று நிகழ்ந்தவற்றையே இன்று உங்களுக்குக் கூற வந்தேன். நான் கலைப் பட்டதாரி. கணினி நுட்பம் முறையாகக் கற்றவன் அல்லன். ஆயினும் அன்று நான் கற்றது, இத்தகைய கணினியை வைத்திருக்கும் பாடசாலைக்கும், நூலகத்துக்கும், அலுவலகத்துக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

அக்கணினியைப் பதிலிச் சேவையகம் என்பர். புறொக்சி சேர்வர் என்றும் வழங்குவர். மாணவரின் கணினி இணையத்தை நேரே நாடுவதில்லை. வேண்டியதை இச்சேவையகத்திடம் கேட்கும். இது வெளியே சென்று பெற்று வந்து கொடுக்கும். ஜெனீவாவில் உள்ள சேர்ன் ஆய்வு நிலையத்தின் மென்பொருளில் 1994 ஆம் ஆண்டளவில் இவ்வசதி அமைந்தது. 1996 இல் வெளிவந்த ஸ்குவிட் என்னும் இலவச மென்பொருள் இதனைப் பல நாடுகளுக்கும் பரப்பிற்று. ஒரே பக்கத்தை நாற்பது பேர் கேட்டால், ஒருமுறை பெற்று வைத்து நாற்பது முறை கொடுப்பது அக்காலத்தில் இதன் பெரும் பயனாயிருந்தது. இன்று பெரும்பாலான தளங்கள் மறைகுறியாக்கப்பட்டே வருவதால் அப்பயன் குறைந்துவிட்டது. எனினும், மாணவர் எத்தளங்களுக்குச் செல்லலாம், எவற்றுக்குச் செல்லலாகாது என்று வரையறுப்பதற்கு இன்றும் இது உதவுகின்றது.

விடுமுறை கழிந்து பாடசாலை திறந்த நாள் அது. உயர்தர வகுப்பு மாணவர் தம் செயற்றிட்டங்களை அவ்வாரம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. நாற்பது கணினிகளில் ஒன்றிலேனும் ஒரு பக்கமும் திறக்கவில்லை. சேவையகத்தை மும்முறை அணைத்து ஏற்றினோம், பயனில்லை. பார்க்க வந்த பழுதுபார்ப்பவர், கணினி பழையது, புதியது வாங்குவதே வழி என்றார். நானும் அதை நம்பினேன். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தைக் கூட்டிப் பணம் கேட்க முடிவு செய்தேன். அதனினும் பெரிய பிழை ஒன்றும் செய்தேன். விடுமுறைக்கு முன் அக்கணினியைக் கடைசியாகக் கையாண்டவர் கூடத்துக்குப் பொறுப்பான இளம் ஆசிரியை. அவரிடம் எழுத்து மூலம் விளக்கம் கோரும் கடிதத்தை வரைந்து மேசை மீது வைத்திருந்தேன்.

அவரை அழைத்தபோது, "சேர், அரை மணி நேரம் தாருங்கள், அது என்ன சொல்கிறது என்று பார்க்கிறேன்" என்றார். கணினி என்ன சொல்லும் என்று எண்ணியபடியே உடன் சென்றேன். அவர் கணினியின் உறுப்பு எதையும் தொடவில்லை. சேவையகம் தான் செய்வனவற்றை நேரங் குறித்து எழுதிவைக்கும் பதிவேட்டைத் திறந்தார். பாடசாலைகளில் நாம் பேணும் சம்பவத் திரட்டுப் புத்தகம் போன்றது அது. கடைசிப் பக்கத்தில், கேட்கப்பட்ட முகவரியை அளிக்க இயலாது என்று பொருள்படும் ஒரு வரி இருந்தது. மும்முறை தொடங்கியபோதும் மும்முறை அதையே எழுதியிருந்தது. வாசிக்க மட்டும் ஒருவருமில்லை.

அதன் பொருளை அவர் விளக்கினார். வலையமைப்பில் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் முகவரி உண்டு. 192.168.1.10 என்ற முகவரியில் நின்று மாணவரின் கேள்விகளைக் கேட்பாயாக என்று இச்சேவையகத்தின் அமைப்புக் கோப்பில் எழுதப்பட்டிருந்தது. அன்றோ அக்கணினிக்குக் கிடைத்திருந்த முகவரி 192.168.8.23. தன்னிடம் இல்லாத முகவரியில் அது எவ்வாறு நிற்கும்? முகவரிகளைப் பகிர்ந்தளிப்பது ரவுட்டர் எனப்படும் இணைப்புப் பெட்டி. பழைய பெட்டியில் 10 ஆம் எண் இச்சேவையகத்துக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. இப்போதிருந்த பெட்டி அதனை அறியாது. பெட்டி எப்போது மாறியது என்று ஆசிரியை கேட்டார். நான் அலுவலகம் சென்று சம்பவத் திரட்டைப் புரட்டினேன். விடுமுறையின் இரண்டாம் வாரத்தில், இணைய இணைப்புப் பெட்டி பழுதானமையால் மாற்றப்பட்டது என்று எழுதியிருந்தது. கையெழுத்து என்னுடையது.

நேயர்களே, பதிலிச் சேவையகம் தொடங்காதபோது கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று என்று அன்று அறிந்தேன். முதலாவது, முகவரி. கோப்பில் உள்ள முகவரி கணினியிடம் உண்மையில் இருக்கின்றதா? சில வேளை முகவரி சரியாயிருக்கும். ஆனால் மின்சாரம் வந்தவுடன், வலையமைப்பு ஆயத்தமாகுமுன்னரே சேவையகம் தொடங்க முயன்று தோற்றுவிடும். சற்றுப் பொறுத்துக் கையால் தொடக்கினால் தொடங்கிவிடும். அவ்வாறாயின், வலையமைப்புக்காகக் காத்திருக்கும்படி அதற்குக் கட்டளையிட்டுவைக்க வேண்டும்.

இரண்டாவது, வாயில். ஒரு முகவரியில் 65,535 வரை எண்ணிட்ட வாயில்கள் உள. ஸ்குவிட் வழக்கமாக நிற்பது 3128 ஆம் வாயிலில். அங்கே வேறொரு மென்பொருள் முன்னரே நின்றாலும், முன்பு தொடங்கிய அதே சேவையகம் முற்றாக நிற்காதிருந்தாலும், வாயில் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்ற செய்தி வரும். அங்கே நிற்பது யாரெனக் கண்டபின்னரே மேலே செல்லவேண்டும்.

மூன்றாவது, பெயர். கணினி தன் பெயரைத் தானே அறியவேண்டும். பெயர் ஓரிடத்தில் ஒருவகையாகவும் பிறிதோரிடத்தில் வேறுவகையாகவும் எழுதப்பட்டிருந்தால், ஸ்குவிட்டின் பழைய பதிப்புகள் தம் பெயரை அறியமுடியாமல் நின்றுவிடுவதுண்டு.

அமைப்புக் கோப்பில் பிழை உண்டோ என்று பரிசோதிக்கும் கட்டளை ஸ்குவிட்டில் இருக்கின்றது. ஆசிரியை அதையும் இயக்கிக் காட்டினார். பிழை எதுவும் இல்லை என்றே வந்தது. இலக்கணம் கற்பித்தவன் என்ற முறையில் இது எனக்கு உடனே விளங்கிற்று. எழுவாயும் பயனிலையும் செம்மையாக அமைந்த வாக்கியம் பொய்யாகவும் இருக்கலாமன்றோ? கோப்பில் சொற்பிழை இல்லை. அது கூறிய செய்திதான் உண்மையாயிருக்கவில்லை.

எந்த முகவரியிலும் நில் என்று எழுதிவிட்டால் தொல்லை தீராதோ என்று வினவினேன். சேவையகம் தொடங்கும், ஆனால் நாற்பது கணினிகளும் பழைய முகவரியிலேயே அதனைத் தேடிக்கொண்டிருக்கும் என்றார். அன்றியும், வெளி வலையமைப்போடும் நேரே இணைந்த சேவையகமாயின், முன்பின் அறியாதவரும் அதன் வழியாகப் புகுந்து செல்ல இடமுண்டாகும். யாருக்குச் சேவை செய்யலாம் என்ற பட்டியலில் பழைய வலையமைப்பு மட்டும் இருந்தால், சேவையகம் இயங்கியும் எல்லாரையும் மறுத்துவிடும். ஆகவே எளிய வழியையே அவர் தெரிந்தார். புதிய பெட்டியின் முகவரி வரிசையைப் பழையபடி மாற்றி, 10 ஆம் எண்ணைச் சேவையகத்துக்கு ஒதுக்கினார். கோப்பில் ஓர் எழுத்தும் மாற்றாமலே சேவையகம் தொடங்கிற்று. இரண்டாம் பாடவேளை முடியுமுன் மாணவர் தம் வேலையில் அமர்ந்துவிட்டனர்.

சங்கத்தின் பணம் தப்பியது. மேசை மீதிருந்த கடிதத்தை அவர் முன்னிலையிலேயே கிழித்து, நான் எழுத இருந்தது இன்னது என்றும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "இனிமேல் பெட்டி மாற்றினால் எனக்கு ஒரு சொல் சொல்லுங்கள், சேர்" என்று மட்டும் கூறினார்.

அதன்பின் எமது கூடத்தின் சுவரில் ஒரு தாள் தொங்குகின்றது. சேவையகத்தின் முகவரி, வாயில், பெயர், கடைசியாக மாற்றம் செய்த நாள், செய்தவர் ஆகியவை அதில் எழுதப்பட்டுள்ளன. உங்கள் இடத்திலும் அத்தகைய தாளொன்றை இன்றே எழுதித் தொங்கவிடுங்கள். ஒருநாள் சேவையகம் தொடங்க மறுக்குமாயின், முதலில் அதன் பதிவேட்டை வாசியுங்கள். அடுத்து, அண்மையில் மாறியது எது என்று கேளுங்கள். யார் செய்த பிழை என்ற கேள்வி அதன் பின்னர் வரட்டும். பல வேளைகளில் அக்கேள்வியே வேண்டாததாகிவிடும்.