தாய்க்குள்ளே ஒரு மடைக்காவல்



நடவு வயலில் குனிந்திருந்த பெண் சட்டென்று நிமிர்கிறாள். "கிறுகிறுன்னு வருதக்கா" என்கிறாள். நாலு மூச்சு விடுவதற்குள் சரியாகிவிடுகிறது. சரி செய்தது யார்? அவளுடைய உடம்பேதான்.

நிமிர்ந்தவுடன் இரத்தம் கால் பக்கம் இறங்குகிறது. இருதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது, அழுத்தமும் குறைகிறது. கழுத்து வழியே தலைக்குப் போகும் இரத்தக் குழாயிலும், இருதயத்திலிருந்து புறப்படும் பெரிய குழாயிலும் அழுத்தத்தை அறியும் நரம்பு நுனிகள் உண்டு. அவை மூளைக்குச் சேதி சொல்லும். மூளை உடனே இருதயத்தை வேகமாக அடிக்கச் செய்யும். குழாய்களைச் சுருங்கச் செய்யும். அழுத்தம் ஏறினால் இதற்கு நேர்மாறு. வாய்க்கால் தண்ணீரைப் பார்த்து மடையைத் திறந்து மூடும் ஆளைப் போல, இரவும் பகலும் இந்த வேலை நடக்கிறது.

கர்ப்ப காலத்தில் தாயின் இரத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. இருதயம் நிமிஷத்துக்கு 10 முதல் 20 துடிப்பு கூடுதலாக அடிக்கிறது. குழாய்கள் தளர்வதால், நடு மாதங்களில் அழுத்தம் சற்று இறங்கத்தான் செய்யும்.

ஆனால் சில தாய்மார்களுக்கு ஐந்து மாதத்துக்குப் பிறகு அழுத்தம் ஏறிவிடுகிறது. அழுத்தம் ஏறியே இருந்தால் அந்த நரம்புகளும் அதற்குப் பழகிவிடும். மடை பார்ப்பவன் கண்ணயர்ந்த மாதிரிதான். "எனக்கு ஒண்ணும் பண்ணலையே" என்பாள் தாய். அளந்து பார்த்தால்தான் தெரியும். மேல் அளவு 140-ஐயோ, கீழ் அளவு 90-ஐயோ எட்டினால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். "புள்ளத்தாச்சின்னா வீங்கத்தான் செய்யும்" என்று இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலிப்பு வந்தால் கையில் சாவியோ இரும்போ கொடுப்பதில் பயனில்லை. வாயிலும் எதையும் வைக்கக் கூடாது. இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். பிரசவமான பிறகும் சில வாரங்களுக்கு இந்த ஆபத்து உண்டு.

கணவன்மார்களே! பரிசோதனை நாளன்று வேலையைச் சற்றே தள்ளி வைத்து மனைவியுடன் போங்கள். "பி.பி. எவ்வளவு, சிஸ்டர்?" என்று கேட்டு, அட்டையில் எழுதி வாங்குங்கள். மடைக்காவல் அயர்ந்தாலும் வீட்டுக்காரர் விழித்திருந்தால் தாயும் பிள்ளையும் பிழைப்பார்கள்.